வாம்பயர்: மட்டக்களப்புக் கடலில் முறிந்த நாசகாரிக் கப்பல்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி முற்பகலில், மட்டக்களப்புக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குள் இரண்டு போர்க்கப்பல்கள் தாக்கப்பட்டு மூழ்கின. ஒன்று பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ்; மற்றையது அதற்குத் துணையாக வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான (பெரிய கப்பல்களுக்குக் காவலாகச் செல்லும் சிறிய, வேகமான போர்க்கப்பல்) வாம்பயர். ஹேர்மிஸைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. விமானந்தாங்கி என்றே வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் என்ற பெருமை அதற்குண்டு. 50 மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஆழத்தில் கிடக்கும் அதன் உடலைப் பார்க்கச் சுழியோடிகள் இன்றும் மட்டக்களப்புக்கு வருகிறார்கள். வாம்பயருக்கோ பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கிறது: “துணைக்குச் சென்ற நாசகாரியும் மூழ்கடிக்கப்பட்டது.”

இந்த ஆய்வு அந்த ஒரு வரியை விரித்துப் பார்க்கிறது. காரணம் அனுதாபம் மட்டுமல்ல. வான்பாதுகாப்பு இல்லாமல் கடலில் அகப்பட்ட பெரிய கப்பல்களுக்கு என்ன நேரும் என்பதை நான்கு மாதங்களுக்கு முன்னர் மலாயாக் கடலில் நேரிலே பார்த்த கப்பல் வாம்பயர். அதே சூழ்நிலைக்குள் அது மறுபடியும் அனுப்பப்பட்டது எப்படி என்பதே இங்கு கேள்வி.

கப்பலும் அதன் பீரங்கிகளும்

வாம்பயர் முதலாம் உலகப்போர்க் காலத்துக் கப்பல். இங்கிலாந்தின் வைட் தீவிலுள்ள கௌஸ் நகரில், ஜே. சாமுவேல் வைட் நிறுவனத்தின் கட்டுதளத்தில் 1916இல் ‘வொலஸ்’ என்ற பெயரில் தொடங்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்டு, 1917 மே மாதம் நீரில் இறக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் பிரித்தானியக் கடற்படையிற் சேர்ந்தது. ‘வி’ வகுப்பு என அழைக்கப்பட்ட நாசகாரிகளில், ஓர் அணியை வழிநடத்தும் அதிகாரிக்கும் அவருடைய பணியாளருக்கும் இடம் வைத்துக் கட்டப்பட்ட ஐந்து முன்னணிக் கப்பல்களுள் இதுவும் ஒன்று. 312 அடி நீளம், ஏறக்குறைய 1,200 தொன் எடை, மணிக்கு 34 கடல்மைல் வேகம், நான்கு 4 அங்குலப் பீரங்கிகள், டோர்பிடோ (நீருக்கடியில் ஓடி வெடிக்கும் குண்டு) ஏவுகுழாய்கள்: அந்தக் காலத்துக்கு இது முதல்தரமான நாசகாரி. ‘வி’, ‘டபிள்யூ’ வகுப்புக் கப்பல்களைப் பார்த்து மற்ற நாடுகள் தம் கப்பல்களை வரைந்தன என்பது மிகைக்கூற்று அல்ல.

ஆனால் அந்தக் காலம் வேறு. 1917இல் ஒரு நாசகாரியின் பகைவர்கள் இன்னொரு நாசகாரியும் நீர்மூழ்கியும்தான். பீரங்கிகள் கடற்பரப்பை நோக்கிச் சுடுவதற்காக அமைக்கப்பட்டன. அவற்றின் குழல்கள் 30 பாகைக்கு மேல் உயரா. தலைக்கு மேலிருந்து செங்குத்தாகப் பாயும் விமானத்தை இந்தப் பீரங்கிகளில் ஒன்றாலும் குறிவைக்க முடியாது. விமானங்களுக்கென்று பின்னர் வைக்கப்பட்டவை சிறிய துப்பாக்கிகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் மட்டுமே. பின்னால் வரப்போகும் முற்பகலை விளங்கிக்கொள்ள இந்த 30 பாகைக் கணக்கை வாசகர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

1933இல் ஸ்டூவர்ட், வெண்டெட்டா, வொயேஜர், வோட்டர்ஹென் ஆகிய நான்கு கப்பல்களுடன் வாம்பயரும் அவுஸ்திரேலியக் கடற்படைக்கு வழங்கப்பட்டது. ஐந்துமே அப்போதே பழையவை. பொருளாதாரச் சரிவின் காலமாதலால் வாம்பயர் பல ஆண்டுகள் ஒதுக்கப்படையில் கட்டிக் கிடந்து, 1938இல்தான் முழுமையாகச் சேவைக்குத் திரும்பியது. போர் வெடித்த மறுமாதமே, 1939 ஒக்டோபரில், ஐந்து கப்பல்களும் அவுஸ்திரேலியாவை விட்டுப் புறப்பட்டு, சிங்கப்பூர் வழியாக மத்தியதரைக் கடலைச் சென்றடைந்தன.

ஜேர்மனியின் பரப்புரை அமைச்சர் கோயபல்ஸ் இவற்றைப் பழைய இரும்புக் குவியல் என்று எள்ளினார் என்பதும், மாலுமிகள் அந்த ஏச்சையே தங்கள் பட்டமாக எடுத்துக்கொண்டு ‘பழைய இரும்பு அணி’ என்று பெருமையோடு சொல்லித் திரிந்தார்கள் என்பதும் அவுஸ்திரேலியாவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. அணியின் தளபதி ஸ்டூவர்ட் கப்பலிலிருந்த ஹெக்டர் வொலர். பின்னர் பேர்த் என்ற போர்க்கப்பலின் தலைவராக, 1942 மார்ச் 1ஆம் திகதி சுந்தா நீரிணையில் கப்பலோடு இறந்தவரும் அவரே.

மத்தியதரைக் கடலில் வாம்பயர் செய்த வேலைகளைப் பட்டியலிட்டால் அது நீளும். 1940 ஜூலையில் கலாப்ரியாவுக்கு அப்பால் இத்தாலியக் கடற்படையுடன் நடந்த மோதலில் அது இருந்தது. அடுத்த நாட்களில் அருகே விழுந்த குண்டொன்றின் சிதறலால் அதன் பீரங்கி அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். லிபியக் கரையில் பார்டியா, டோப்ருக் ஆகிய துறைமுகங்கள் கைப்பற்றப்பட்டபோது உதவியது. 1941 ஏப்ரலில் கிரேக்கத்திலிருந்து படையினரை மீட்டது. பின்பு முற்றுகைக்குள் இருந்த டோப்ருக்குக்கு இரவோடு இரவாக ஆட்களையும் வெடிமருந்தையும் கொண்டு சென்று, காயப்பட்டோரை ஏற்றிவந்தது. இந்தப் பயணங்களின் இயல்பு ஒன்றே: விடிவதற்குள் எதிரி விமானங்களின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும், தாண்டாதவர் அடிபடுவார். வாம்பயர் பழுதுபார்ப்புக்காக மே இறுதியில் மத்தியதரைக் கடலை விட்டுப் போன ஒரு மாதத்தில், அதன் கூட்டாளியான வோட்டர்ஹென் டோப்ருக் பாதையில் குண்டுபட்டு 1941 ஜூன் 30இல் மூழ்கியது. இரவும் தூரமும்தான் அந்தப் பழைய கப்பல்களின் உண்மையான கவசம் என்பதை அந்தக் கடல் இரண்டு ஆண்டுகளுக்குள் கற்றுக்கொடுத்திருந்தது.

குவாந்தானுக்கு அப்பால்

சிங்கப்பூரில் பழுதுபார்ப்பு முடிந்த வாம்பயரின் தலைவராக இப்போது கொமாண்டர் வில்லியம் மொரான் இருந்தார். 1941 டிசம்பர் 8ஆம் திகதி மாலை, மலாயாவின் வடக்கில் இறங்கும் ஜப்பானியப் படைகளைத் தாக்குவதற்காக, அட்மிரல் டொம் பிலிப்ஸ் தலைமையில் பிரின்ஸ் ஒப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரு பெருங்கப்பல்கள் புறப்பட்டன. துணைக்குப் போன நாசகாரிகள் நான்கு: இலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், டெனடோஸ், வாம்பயர். இப்படைக்கு விமானந்தாங்கி எதுவும் இல்லை.

டிசம்பர் 10ஆம் திகதி மலாயாவின் கிழக்குக் கரையிலுள்ள குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் வந்தன. தெற்கு இந்தோசீனாவின் தரைத்தளங்களிலிருந்து எழுந்த அவை குண்டுகளையும் டோர்பிடோக்களையும் மாறிமாறி ஏவின. பிலிப்ஸ் வானொலி மௌனத்தைக் கலைக்கவில்லை. தாக்குதல் நடப்பதாக ரிப்பல்ஸிலிருந்து செய்தி போனது நண்பகல் நெருங்கிய வேளையில்தான். சிங்கப்பூரிலிருந்து பபலோ வகைப் போர்விமானங்கள் விரைந்து வந்து சேர்ந்தபோது, ரிப்பல்ஸ் ஏற்கெனவே அடியில் இருந்தது. பிரின்ஸ் ஒப் வேல்ஸ் கவிழ்ந்துகொண்டிருந்தது. இரு கப்பல்களிலும் 840 பேர் இறந்தனர்.

ரிப்பல்ஸின் ஆட்களை இலெக்ட்ராவும் வாம்பயரும் எண்ணெய் படர்ந்த நீரிலிருந்து தூக்கியெடுத்தன. வாம்பயர் எடுத்தது ஏறத்தாழ 225 பேரை. அது அக்கப்பலின் சொந்த மாலுமிகளின் தொகையைவிட அதிகம். எண்ணெயில் குளித்த அந்நியர்கள் படுக்கையிலும் நடைவழியிலும் மேல்தளத்திலும் நெருக்கியடித்துக் கிடக்க, வாம்பயர் சிங்கப்பூருக்குத் திரும்பியது. அந்தக் கப்பலில் அன்று கடமையிலிருந்த எவரும், வானத்தை எதிரியிடம் விட்டுவிட்டுக் கடலில் உலவுவது என்னவென்று இனியொருவர் சொல்லிக் கேட்க வேண்டிய நிலையில் இருந்திருக்க மாட்டார்.

எண்டாவ் இரவு

வாம்பயர் எதிரிக் கப்பல்களோடு நெருங்கிப் பொருத இரவு ஒன்று இடையில் வந்தது. 1942 ஜனவரி 26ஆம் திகதி ஜப்பானியர் மலாயாவின் கிழக்குக் கரையில் எண்டாவில் தரையிறங்கத் தொடங்கினர். பகலில் அவர்களைத் தாக்கச் சென்ற பழைய வில்டபீஸ்ட் விமானங்கள் பெரும் இழப்போடு திரும்பின. அன்றிரவு வாம்பயரும், 1918இல் நீரில் இறக்கப்பட்ட தானெட் என்ற பிரித்தானிய நாசகாரியும், போக்குவரத்துக் கப்பல்களைத் தேடி வடக்கே அனுப்பப்பட்டன. எதிரே இருந்தவை செண்டாய் என்ற கப்பலும், அதனோடு நவீன நாசகாரிகள் பலவும்.

இருளில் வாம்பயர் முதலில் கண்டது காவற் கப்பல்களையே. இரண்டு டோர்பிடோக்களை ஏவியது, இரண்டும் தவறின. வியப்பு என்னவென்றால், வந்திருப்பவர்கள் யாரென்று ஜப்பானியர் உடனே உணரவில்லை. போக்குவரத்துக் கப்பல்கள் கண்ணில் படாமல் இரு பழைய நாசகாரிகளும் திரும்பும்போதுதான் சண்டை மூண்டது. மேலும் டோர்பிடோக்கள் ஏவப்பட்டன, ஒன்றும் படவில்லை. தேடுவிளக்குகள் எரிந்தன. தானெட்டின் இயந்திர அறையில் குண்டு விழுந்து அது நின்றுபோய், சற்று நேரத்தில் மூழ்கியது. வாம்பயர் புகைத்திரை விரித்து, முழு வேகத்தில் வளைந்து நெளிந்து, ஒரு கீறலுமின்றிச் சிங்கப்பூரை அடைந்தது.

இராணுவக் கணக்கில் அந்த இரவு தோல்விதான். ஒரு கப்பல் போனது, எதிரிக்கு எந்தச் சேதமும் இல்லை, தரையிறக்கம் நிற்கவில்லை. ஆனால் ஒரு ஒப்பீட்டுக்கு இந்த இரவு உதவும். தன்னைவிடப் பலமான, எண்ணிக்கையிலும் கூடிய எதிரியிடமிருந்து 25 வயதான கப்பல் ஒன்று தப்பிவர முடிந்ததென்றால், அது இருளாலும் வேகத்தாலும் தலைவனின் கைத்திறத்தாலும். மட்டக்களப்பில் கைத்திறத்துக்குக் குறைவில்லை. இருள் மட்டும் இல்லை.

சிங்கப்பூர் விழுவதற்கு முன்பே அங்கிருந்து விலகிய வாம்பயர், சுந்தா நீரிணை வழியாக பெப்ரவரியில் கொழும்பை அடைந்து, அட்மிரல் ஜேம்ஸ் சொமர்வில்லின் கிழக்குக் கடற்படையில் சேர்ந்தது.

ஏப்ரலின் முதல் எட்டு நாட்கள்

மார்ச் இறுதியில், ஜப்பானியர் ஏப்ரல் 1ஆம் திகதியளவில் இலங்கையைத் தாக்குவர் என்ற உளவுத் தகவல் கிடைத்தது. சொமர்வில் தன் கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே திரட்டிக் காத்திருந்தார். எவரும் வரவில்லை. குடிநீரும் எரிபொருளும் குறைந்து போக, ஏப்ரல் 2ஆம் திகதி இரவு அவர் மாலைதீவின் தென்முனையிலுள்ள அட்டு அட்டோலுக்குப் பின்வாங்கினார். தகவல் பொய்யென்று கருதியதால், சில கப்பல்களைப் பிரித்தும் அனுப்பினார்: டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற போர்க்கப்பல்கள் இரண்டும் கொழும்புக்கு, ஹேர்மிஸும் வாம்பயரும் திருகோணமலைக்கு. மடகஸ்கார் மீதான வரவிருந்த நடவடிக்கைக்கு ஹேர்மிஸைத் தயார்ப்படுத்த வேண்டியிருந்தது.

தகவல் பொய்யல்ல, நாள்தான் தவறு. ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை, அகாகி, ஹிரியு, சோரியு, ஷோகாகு, சுயிகாகு என்ற ஐந்து விமானந்தாங்கிகளோடும் நான்கு பெரும் போர்க்கப்பல்களோடும் இந்து சமுத்திரத்துக்குள் நுழைந்திருந்தது. ஏப்ரல் 4ஆம் திகதி கனேடிய விமானி லியனார்ட் பேர்ச்சோலின் கட்டலீனா வேவு விமானம் அதைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படுவதற்கு முன் செய்தி அனுப்பியது. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில், கொழும்பு தாக்கப்பட்டது. முன்னெச்சரிக்கை கிடைத்ததால் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பல முன்னரே வெளியே அனுப்பப்பட்டிருந்தன. இழப்பு அதனால் குறைந்தது. துறைமுகத்தில் எஞ்சியிருந்து மூழ்கியவற்றுள் ஒன்று டெனடோஸ், குவாந்தான் பயணத்தில் வாம்பயரோடு சென்ற அதே டெனடோஸ். அன்று பிற்பகல் டோர்செட்ஷயரும் கோர்ன்வோலும் திறந்த கடலில் விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டு, 424 பேர் மாண்டனர்.

ஆகவே ஏப்ரல் 5இல் இரண்டு பாடங்கள் ஒரே நாளில் கிடைத்தன. துறைமுகத்தை வெறுமையாக்கினால் கப்பல்கள் தப்பும் என்பது ஒன்று. வெளியே போன கப்பல் எதிரி விமானங்களின் எல்லைக்குள் பகலில் இருந்தால் தப்பாது என்பது மற்றொன்று. மூன்று நாள் கழித்துத் திருகோணமலையில் செயற்படுத்தப்பட்டது முதலாவது பாடம் மட்டும்.

ஏப்ரல் 8ஆம் திகதி நகுமோவின் படை இலங்கைக்குக் கிழக்கே மீண்டும் காணப்பட்டது. இலக்கு திருகோணமலையென்று ஊகிப்பது கடினமாயிருக்கவில்லை. துறைமுகத்தை விட்டு விலகுமாறு கட்டளை போனது. ஹேர்மிஸ், வாம்பயர், ஹொலிஹொக் என்ற கொர்வெட் (சிறு காவற்கப்பல்), அதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்கள் ஆகியன இரவில் புறப்பட்டு, கரையை ஒட்டித் தெற்கு நோக்கிச் சென்றன. ஹேர்மிஸின் சுவோர்ட்பிஷ் விமானங்கள் கரையில் இருந்தன. விமானந்தாங்கி என்றே முதன்முதலில் வரையப்பட்ட கப்பல், தன் தளத்தில் விமானம் ஒன்றுமில்லாமல் கடலுக்குப் போனது.

ஏப்ரல் 9, முற்பகல்

காலை ஏழரை மணியளவில் திருகோணமலை தாக்கப்பட்டது. துறைமுகம், சீனக்குடா விமானத்தளம், எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் அடிபட்டன. எரிந்த எண்ணெய்த் தாங்கியின் கதை இன்றும் அவ்வூரில் பேசப்படுகிறது. தாக்குதல் ஓய்ந்தபோது ஹேர்மிஸும் வாம்பயரும் மட்டக்களப்பை அண்டியிருந்தன. துறைமுகத்தின் பீரங்கிகளதும் விமானங்களதும் பாதுகாப்புக்குள் வந்துவிட வேண்டுமென்ற நோக்கில், வடக்கே திரும்பத் தொடங்கின.

ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, ஹருனா போர்க்கப்பலின் வேவு விமானமொன்று அவற்றைக் கண்டுவிட்டது. அந்த விமானம் அனுப்பிய செய்தி கரையிலும் ஒற்றுக்கேட்கப்பட்டது. அதாவது, அவை காணப்பட்டுவிட்டன என்பது தாக்குதலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தெரியும். ஜப்பானிய விமானந்தாங்கிகளிலிருந்து 80க்கும் மேற்பட்ட டைவ் பொம்பர்கள் (செங்குத்தாகப் பாய்ந்து குண்டுபோடும் விமானங்கள்), ஒரு சிறு தொகைப் போர்விமானங்களின் காவலோடு எழுந்தன.

இதே வேளையில் இன்னொன்று நடந்தது. இலங்கையிலிருந்து சென்ற 11ஆம் இலக்க அணியின் ஒன்பது பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள், பத்தரை மணிக்குச் சற்று முன்பு, நகுமோவின் கொடிக்கப்பலான அகாகிக்கு மேல் எவர் கண்ணிலும் படாமல் வந்து குண்டுகளைக் கொட்டின. கப்பலின் இருபுறமும் நீர் எழுந்தது. ஒரு குண்டும் படவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் பத்து நிமிடம் கழித்து விழப்போன குண்டுகளின் துல்லியத்தோடு இதை ஒப்பிட்டால், இரு தரப்புக்குமிடையே அன்றிருந்த தூரம் கண்ணெதிரே நிற்கும்.

10.35 மணியளவில் பொம்பர்கள் ஹேர்மிஸின் மீது பாயத் தொடங்கின. முப்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஏறத்தாழ நாற்பது குண்டுகள் பட்டதாகக் கணக்கிடப்பட்டது. இருபது நிமிடத்துக்குள் கப்பல் மூழ்கிவிட்டது. அதன் தலைவர் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர்.

வாம்பயர் அதுவரை தன்னால் சுடக்கூடியதையெல்லாம் சுட்டுக்கொண்டிருந்தது. இப்போது மிச்சமிருந்த பொம்பர்களில் 16 அதன் பக்கம் திரும்பின. 312 அடி நீளமான, 30 அடி அகலமுங்கூட இல்லாத, வேகமாக வளைந்தோடும் கப்பலைக் குண்டினால் அடிப்பது எளிதல்ல. முதலில் வந்தவை அருகே விழுந்தன. ஆனால் அருகே விழும் குண்டும் மெல்லிய தகட்டாலான நாசகாரியை விட்டுவைப்பதில்லை. நீருக்குள் வெடித்து அடித்தகட்டை உதைக்கும், குழாய்களை உடைக்கும். பின்பு நேரடியாகப் பட்ட குண்டுகளால் கப்பல் அசைவற்று நின்றது. நின்ற கப்பலுக்கு மேல் அடுத்தடுத்துக் குண்டுகள் விழ, நடு முறிந்து இரண்டாயிற்று. மொரான் கப்பலைக் கைவிடுமாறு கட்டளையிட்டார். மாலுமிகள் மிதவைகளை நீரில் தள்ளிப் பின்தொடர்ந்தனர். முற்பகுதி விரைவாக அமிழ்ந்தது; பிற்பகுதி சற்று மிதந்து, வெடிமருந்து அறை வெடித்தபின் போனது. மொரானைக் கடைசியாகக் கண்டவர்கள் கட்டளைமேடையில் கண்டார்கள்.

இவ்வளவு அடிக்கும் வாம்பயரில் இறந்தவர்கள் தலைவரோடு சேர்த்துப் பத்துக்கும் குறைவு. 307உடன் இதை வைத்துப் பார்க்கும்போது அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட மனம் வரும். அதில் ஒரு பங்குதான் அதிர்ஷ்டம். நாசகாரியில் பெரும்பாலானோர் சண்டையின்போது மேல்தளத்திலோ அதற்கு ஒரு ஏணி தூரத்திலோ இருப்பர். விமானந்தாங்கியின் அடித்தளங்களில் பணியிலிருப்போருக்கு அந்த வழி இல்லை. அதோடு, கப்பல் முறியும் தறுவாயில் காலந்தாழ்த்தாமல் விடுக்கப்பட்ட கட்டளைக்கும் ஒரு பங்குண்டு. அதை விடுத்தவர் தப்பவில்லை.

விட்டா என்ற மருத்துவக் கப்பல் அவ்வழியே வந்தது. ஜப்பானியர் அதைத் தாக்கவில்லை. இரு கப்பல்களிலிருந்தும் ஏறத்தாழ 600 பேரை அது நீரிலிருந்து எடுத்துக் கொழும்புக்குக் கொண்டு சென்றது. சிலர் நீந்தியே கரை சேர்ந்தார்கள். நண்பகலளவில் அதெல்ஸ்டேனும் ஹொலிஹொக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்டும் அதே விமானங்களுக்கு இரையாகின. ஹொலிஹொக்கில் மட்டும் 53 பேர் மாண்டனர்.

எங்கே பிழை நேர்ந்தது

போர்விமானங்கள் வந்தன, பிந்தி வந்தன. இரத்மலானையிலிருந்து அனுப்பப்பட்ட புல்மர் விமானங்கள் அங்கு சேர்ந்தபோது ஹேர்மிஸ் மூழ்கிவிட்டது. எஞ்சியிருந்த பொம்பர்கள் சிலவற்றை அவை வீழ்த்தி, தாமும் இரண்டை இழந்தன. குவாந்தானில் பபலோக்கள் வந்ததைப் போலவேதான். இரண்டு இடத்திலும் விமானங்கள் இருந்தன, விமானிகள் இருந்தார்கள், துணிவும் இருந்தது. கப்பலுக்கும் விமானத்தளத்துக்கும் இடையில் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஒரே கை இருக்கவில்லை. குவாந்தானில் அட்மிரலின் மௌனத்தைக் குறை சொல்லலாம். மட்டக்களப்பில் அந்தச் சாட்டும் இல்லை, ஏனெனில் கப்பல்கள் காணப்பட்டது ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. திருகோணமலையின் போர்விமானங்கள் அப்போதுதான் ஒரு பெருந்தாக்குதலை எதிர்கொண்டு களைத்தும் குறைந்தும் இருந்தன என்பதையும், இரத்மலானை தீவின் மறுபுறத்தில் இருக்கிறது என்பதையும் நியாயமாகக் கணக்கில் எடுக்க வேண்டும். எடுத்த பின்பும் அந்த ஒன்றரை மணி நேரம் உறுத்துகிறது.

துறைமுகத்தை விட்டு வெளியேற்றியதே தவறென்று சிலர் எழுதுகிறார்கள். அதை இக்கட்டுரை ஏற்கவில்லை. உள்ளே நின்றிருந்தால் ஹேர்மிஸ் முதல் இலக்காகியிருக்கும். துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்ற சரக்குக் கப்பல் தீப்பற்றியழிந்தது, எரபஸ் என்ற பீரங்கிக் கப்பல் சேதமடைந்தது. கொழும்பில் பலன் தந்த நடைமுறையை மீளச் செய்ததில் பிழையில்லை. பிழை தூரத்திலும் திசையிலும் இருந்தது. விடியும்போது எதிரி விமானங்கள் சென்று திரும்பக்கூடிய எல்லைக்குள்ளேயே கப்பல்கள் இருந்தன. அதைவிடப் பெரிய பிழை, கப்பல்கள் திரும்பிவந்தது. தாக்குதல் முடிந்தது என்ற நம்பிக்கையில், பட்டப்பகலில், தாக்கப்பட்ட துறைமுகத்தை நோக்கியே வடக்கே வருவதென்பது, எதிரியின் விமானந்தாங்கிகள் ஒரே தாக்குதலோடு போய்விடும் என்று கருதுவதற்குச் சமம். டோப்ருக் பாதையில் ஓடிய எந்த மாலுமியும் அப்படிக் கருதியிருக்க மாட்டான். ஆனால் பாதையைத் தீர்மானித்தவன் அவன் அல்ல. நாசகாரியின் வேலை பெரிய கப்பலோடு போவது.

இங்கே வாம்பயரின் 30 பாகைப் பீரங்கிகளுக்கு வர வேண்டும். துணைக்கப்பல் என்று ஒன்றை அனுப்பும்போது, எந்த ஆபத்திலிருந்து காக்க அனுப்புகிறோம் என்ற கேள்வி இருக்கிறது. நீர்மூழ்கியிலிருந்து என்றால் வாம்பயர் தகுந்த துணை. அன்று அந்தக் கடலில் வந்த ஆபத்து மேலிருந்து. அதற்கு எதிராக ஹேர்மிஸுக்கு வாம்பயராலும், வாம்பயருக்கு ஹேர்மிஸாலும் உதவ இயலாது. தன் விமானங்களைக் கரையில் விட்டுவந்த விமானந்தாங்கியும், வானை நோக்கிக் குழலுயர்த்த முடியாத நாசகாரியும் ஒன்றையொன்று காவல் செய்துகொண்டு சென்றன என்றுதான் சொல்ல வேண்டும்.

கிழக்குக் கடற்படையின் பெரும்பகுதி பின்னர் ஆபிரிக்கக் கரையின் கிலிண்டினிக்குப் பின்வாங்கியது. நகுமோ இலங்கைக்கு மீண்டும் வரவில்லை. அகாகி, சோரியு, ஹிரியு ஆகிய மூன்றும் இரண்டு மாதத்துக்குள், ஜூன் மாதத்தில், பசிபிக் சமுத்திரத்தின் மிட்வேயில் டைவ் பொம்பர்களாலேயே அழிந்தன. பழைய இரும்பு அணியில் வொயேஜர் அதே ஆண்டு செப்டம்பரில் தீமோர் கரையில் தரைதட்டிக் கைவிடப்பட்டது. ஸ்டூவர்ட்டும் வெண்டெட்டாவும் மட்டும் போரின் முடிவைக் கண்டன.

வாம்பயர் என்ற பெயரை அவுஸ்திரேலியக் கடற்படை 1950களில் இன்னொரு நாசகாரிக்கு வைத்தது. அந்தக் கப்பல் சிட்னியின் டார்லிங் துறைமுகத்தில் அருங்காட்சியகமாகக் கட்டப்பட்டு நிற்கிறது; பிள்ளைகள் அதன் பீரங்கிமேடையில் ஏறிப் பார்க்கலாம். முதலாவது வாம்பயரின் இறந்தோருக்கு அத்தகைய இடம் இல்லை. கடலோடு போன அவுஸ்திரேலியக் கடற்படையினரின் பெயர்களைத் தாங்கிய நினைவுத் தூண், சிட்னிக்கும் மட்டக்களப்புக்கும் வெகு தொலைவான இங்கிலாந்தின் பிளிமத் நகரில், கடலைப் பார்த்தபடி இருக்கிறது.